கொத்தனாரின் இடது தோள்

சிக்னல் வந்து கொத்தனாரின் இடது தோளில் உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. அப்போது அவர் மாவு மில்லின் பின்சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டு சாரத்தின் மேல் நின்றிருந்தார். கீழே கோதுமை அரைக்க வந்து வரிசையில் நின்ற தபால்காரரின் சட்டைப் பையில், ஒன்பது மாதமாக ஊமையாகக் கிடந்த போன் திடீரென்று அலறியது. மனிதர் பயந்துபோய் அதை எடுத்துத் தவிட்டு வாளிக்குள் போட்டுவிட்டார். தவிட்டுக்குள்ளிருந்தும் அது அடித்தது. எடுத்துக் காதில் வைத்தால், மூன்றாவது ஊரில் இருக்கும் அவருடைய மச்சான் ஒன்பது மாதத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். தபால்காரர் பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தார், பேச்சு அறுந்தது. சாரத்தடிக்குத் திரும்பினார், மச்சான் திரும்பி வந்தார். மத்தியானத்துக்குள் ஊர் ஒரு முழக்கோலை வைத்து அளந்தே முடித்துவிட்டது: கொத்தனாரைச் சுற்றி மூன்று முழத்துக்குச் சிக்னல் உண்டு, நாலாவது முழத்தில் இல்லை. வலது பக்கம் நின்றால் இரண்டு கோடு, இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றால் முழுக்கோடு. அவர் இறங்கினால் அதுவும் இறங்கும். அவர் கை கழுவப் போனால் அதுவும் கூடப் போகும். இதனால் அவருக்கு வலியும் இல்லை, பாரமும் இல்லை. சட்டையின் இடது தோள் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வெளுத்தது.

அந்த ஊரில் சிக்னலே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது சுத்தப் பொய். சிக்னல் இருந்தது, அதற்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது, அவ்வளவுதான். முதலில் நாலு வருஷம் போல தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் முழங்கால் வலிக்காரர்களெல்லாம் சொந்தபந்தத்தோடு பேச்சை விட்டுவிட்டார்கள். அப்புறம் மாட்டாஸ்பத்திரிக் கொல்லையில், மாட்டை அசையாமல் நிறுத்தி ஊசி போடும் கம்பிக் கூண்டுக்குள் வந்து சேர்ந்தது. பேச வேண்டியவர்கள் கூண்டுக்குள் போய் நிற்க, அடுத்தவர் வெளியே மாட்டோடு காத்திருக்க வேண்டும். அதன்பின் குளத்துக்குப் போனது, அதுவும் கழுத்தளவு தண்ணீருக்கு. இன்றைக்கு ஊரில் குழந்தை குட்டியோடு இருக்கும் இரண்டு ஜோடிகளின் சம்பந்தம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பேசி முடித்தது. ஒரு நாள் அங்கிருந்தும் காணாமல் போய், ஒன்பது மாதம் எங்கேயும் இல்லை. ஊர்த் தலைவர் மேலிடத்துக்கு மனு போட்டார். மனு கிடைத்தது, ஆவன செய்யப்படும் என்று பதில் போட்டார்களாம். அதைக் குறுஞ்செய்தியாகப் போட்டதால் ஊருக்கு வந்து சேரவில்லை.

போயும் போயும் கொத்தனார் மேல் வந்து உட்கார்ந்ததே என்றுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். பேச்சில் அவரைவிடக் கஞ்சன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வாயைத் திறந்தால் சிமெண்ட் உள்ளே போய்விடும் என்று பயப்படுகிற ஆள் மாதிரி இருப்பார். வேலை கேட்டுப் போனால் தலையாட்டுவார், மணல் பற்றவில்லை என்றால் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார், வேலை முடிந்தால் கரண்டியைக் கழுவிப் பையில் போடுவார், அதுதான் அவர் பாஷை. ஆனால் கை சுத்தம். முப்பது வருஷத்தில் அவர் கட்டிய சுவரில் ஒரு விரிசல் கிடையாது, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு நூல் விலகாது. தான் கட்டிய சுவரைத் தானே பிரித்தவர் இல்லை என்று மற்ற கொத்தனார்களே பொறாமையோடு சொல்வார்கள். அவரிடம் போனும் கிடையாது. ஒரு காலத்தில் ஒன்று இருந்தது. அது எங்கே போயிற்று என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவருக்கு மனைவி உண்டு, வீட்டில் இல்லை. சிக்னல் தோளில் வந்து உட்காருவதற்கு நாலரை வருஷம் முன்னால் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பதினோரு நாள் படுக்கை. கொத்தனாரைக் குறை சொல்ல வழியில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தார், மாத்திரை வாங்கி வந்தார், நெற்றியில் ஈரத்துணி மாற்றினார், போர்வையைத் துவைத்துக் காயப்போட்டார். எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. கதவோரம் வந்து நிற்பார், தொண்டைக்குழி ஏறி இறங்கும், கலவை காய்ந்துவிடுமே என்று கிளம்பிவிடுவார். அவள் கண்ணை மூடியபடி அந்தக் காலடிச் சத்தம் வருவதையும் போவதையும் பதினோரு நாளும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் எழுந்து, பெட்டியைக் கட்டி, காய்ச்சல் முழுதாக விடாத உடம்போடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கொத்தனார் அப்போது அங்கேதான் ஊருக்கு நிழற்குடை கட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சுக்கு மேல் சுவர் இரண்டு வரிசை எழும்பியிருந்தது.

“நான் அக்கா வீட்டுக்குப் போறேன்,” என்றாள். “சண்டை போட்டுட்டுப் போகலை. சண்டைக்கும் ரெண்டு பேர் பேசணும்ல. இந்தாங்க, இந்தப் போன் உங்களுக்குத்தான். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரே ஒரு தடவை போடுவேன். தண்ணித் தொட்டி மேல நின்னா கிடைக்குதாம். சாரம் ஏறுற ஆளுக்கு அது பெரிசா? எடுத்து ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த பஸ்ஸிலேயே வந்துடறேன்.”

பஸ் வந்தது, ஏறினாள், போய்விட்டாள். கொத்தனார் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்றார். போ என்று சொல்லவும் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் வரவில்லை. தன் மேலேயே அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வரிசையில் ஓர் அரைக்கல் வைக்கும் இடம் பாக்கி இருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் போன் என்ன, செங்கல் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கலவையை அள்ளிப் போட்டு, போனை அதில் பதித்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டி, மட்டம் பார்த்து, அடுத்த வரிசையை ஏற்றிவிட்டார். செங்கல் வேலை தெரிந்தவனைத் தவிர வேறெவனுக்கும் இந்தப் புத்தி போகாது. மறுநாள் பூச்சும் பூசியாயிற்று. அதற்கு மறுநாள் போனைத் திரும்ப எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்க வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும், ஊர் கேட்கும், காரணம் சொல்ல வேண்டும், சொல்வதற்கு வாய் வேண்டும். அன்றிலிருந்து அவர் பஸ் நிறுத்தத்துப் பக்கமே போவதை நிறுத்திவிட்டார். கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றாலும் குளக்கரை வழியாக முள்ளுக்குள் புகுந்து அரை மைல் சுற்றித்தான் போவார்.

இப்படிப்பட்ட ஆளின் தோளில்தான் ஊர் உலகத்துப் பேச்செல்லாம் வந்து இறங்கியது. முதல் வாரமே அவர் வீட்டு வாசலில் செருப்புகள் வரிசை கட்டின. ஆள் நிற்க வேண்டியதில்லை, ஒற்றைச் செருப்பைப் போட்டுவிட்டுப் போனால் இடம் பிடித்த கணக்கு என்று ஊர் தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது. கொத்தனார் காலையில் கதவைத் திறந்தால் முப்பது ஒற்றைச் செருப்புகள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் வேலைக்கு நடந்தால் ஒற்றைக்கால் செருப்போடு ஒரு கூட்டம் பின்னால் நடக்கும். அவர் சாரம் ஏறினால் இரண்டு பேர் ஏறுவார்கள், மூன்றாவது ஆள் ஏறினால் பலகை முனகும். கல்லுக்குக் குனிந்தால் “அண்ணே, அண்ணே, குனியாதீங்க, கட்டாகுது” என்பார்கள். கையைத் தூக்கிக் கரண்டி பிடித்தால் படமே தெரிந்தது. ஆகவே வெளிநாட்டுப் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் அவரை உத்தரத்து மூலையைப் பூசச் சொல்லிக் கெஞ்சினார்கள். நர்ஸம்மா வாரம் ஒரு முறை அவர் பக்கத்தில் நின்று தடுப்பூசிக் கணக்கு அனுப்பினாள். ஒரு புதுமாப்பிள்ளை பெண்டாட்டியோடு பேச வந்து, பேச்சில் பாதியைக் கொத்தனார் காதுக்குப் பயந்து முழுங்கினான். குளிக்கப் போனால் தட்டிக்கு வெளியே நாலு கை நீண்டு போனைப் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பெனியிலிருந்துகூட இரண்டு பேர் கருவியோடு வந்து அவரை நிற்க வைத்து, உட்கார வைத்து, திரும்ப வைத்து அளந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

தலைவர் ஊர்க் கூட்டம் கூட்டினார். நிழற்குடையில் பெஞ்சு இருக்கிறது, நிழல் இருக்கிறது, நடு ஊரில் இருக்கிறது, கொத்தனார் காலையில் இரண்டு மணி நேரம் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அங்கே வந்து உட்கார்ந்தால் எல்லோருக்கும் சௌகரியம் என்றார். கூலியும் பேசினார். கொத்தனார் தலையை ஆட்டினார், மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில். ஏன் என்றார்கள். மறுபடியும் பக்கவாட்டிலேயே ஆட்டினார். கௌரவம் பார்க்கிறான் என்றார்கள் சிலர். கிடைக்காதவனுக்குக் கிடைத்தால் இப்படித்தான் என்றார்கள் சிலர். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அவர் பாட்டுக்கு எழுந்து குளக்கரைச் சுற்றுவழியில் நடந்தார், கூட்டம் போனைப் பிடித்துக்கொண்டு முள்ளிலேயே பின்தொடர்ந்தது. ஒரு வருஷத்தில் அத்தனை கால் மிதித்து அந்த ஒற்றையடித் தடம் வண்டித் தடமாயிற்று. அடுத்த மழைக்காலத்துக்குள் பஞ்சாயத்து அதற்குச் சரளை போட்டு, கொத்தனார் ரோடு என்று பலகையும் நட்டுவிட்டது.

அவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கூட்டம் ஒரு தொந்தரவுதான், ஆனால் அவரைக் குடைந்தது அது இல்லை. பேச்சு. நாளெல்லாம் இடது காதுக்குள் விழுந்த பேச்சு. ஒரு நாள் கல் எண்ணுகிற மாதிரி எண்ணிப் பார்த்தார்: விடிந்து அடைவதற்குள் நாற்பத்து மூன்று பேர் “எப்படி இருக்கே?” என்று கேட்டிருந்தார்கள். கடன் கேட்கப் போகிறவன் அதைக் கேட்டுவிட்டுத்தான் கடன் கேட்டான். கோபத்தில் கத்தப் போகிறவளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கத்தினாள். யாருக்கும் அது தொண்டையில் சிக்கவில்லை, பலபேர் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இவ்வளவு மலிவான சாமானா இது என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஆளில்லாத நேரமாகப் பார்த்து, செங்கல் அடுக்கைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். உதடு வரை வந்தது. உடனே கால் பரபரத்தது, எழுந்து நடந்தார். அதன்பின் அவரால் ஒரு வேலையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாமல் போயிற்று. இங்கே நாலு கல், அங்கே ஒரு சட்டிப் பூச்சு, நடுவில் ஊரை ஒரு சுற்று. இஞ்சி தின்ற குரங்கு தேவலாம் என்று கூட்டத்தில் மூச்சு வாங்க நடந்தவர்கள் திட்டினார்கள்.

மாவு மில்லுக்காரி போன் வாங்கியது இதற்கெல்லாம் பின்னால். அவள் கொத்தனார் மனைவிக்குக் கூடப்பிறக்காத அக்கா. அவளுக்குக் கடுதாசியில் தன் நம்பரை எழுதி அனுப்பியிருந்தாள். ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குக் கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தபோது, அவள் முறை வந்து இடது பக்கம் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. எடுத்தாள். உள்ளிருந்து வந்த குரலுக்குக் கொத்தனாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மில்லுக்காரி அதைக் கவனித்தாள். கள்ளி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“எப்படிடி இருக்கே?” என்றாள்.

“இருக்கேன்க்கா. அக்கா பையனுக்குக் கடல் தாண்டி வேலை. குடும்பத்தோட கிளம்பறாங்க, என்னையும் கூப்பிடறாங்க. சனிக்கிழமை பயணம். அங்க போனா இந்த நம்பர் கிடையாது.”

“உன் வீட்டுக்காரருக்குச் சொன்னியா?”

“எங்க சொல்றது? ஆறு வருஷமா தினமும் அஞ்சு மணிக்குப் போடறேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’னு ஒரு பொண்ணு சொல்றா. அந்தப் பொண்ணு கூடத்தான் நான் குடும்பம் நடத்தறேன்.” சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது. “வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கடைசியாப் போடுவேன்க்கா. அதோட விட்டுடறேன்.”

“ஏண்டி, அவர் இந்தா என் பக்கத்துலதான் நிக்கறாரு. குடுக்கட்டுமா?”

“வேண்டாம்க்கா,” என்றாள் அவள். “யாரோ போனைக் காதுல திணிச்சுப் பேச வைக்கறதுக்கா ஆறு வருஷம்? நான் குடுத்ததை அவரா எடுக்கட்டும். எடுக்கலைன்னா வேண்டாம். நல்லா இருக்காரா? இருமல் இருக்கா? சொல்லாதீங்க, வேண்டாம். வச்சுடறேன்.”

மில்லுக்காரி போனை இறக்கிவிட்டுக் கொத்தனார் முகத்தைப் பார்த்தாள். “அண்ணே, அந்தப் போனை என்னதான் பண்ணீங்க?” என்றாள். கொத்தனார் கரண்டியைப் பார்த்தார். அதிலிருந்த கலவை காய்ந்து கல்லாகியிருந்தது. மில்லுக்காரிக்குப் பொறுக்கவில்லை. “நல்லா இருங்க! சுவருக்கு மட்டம் பார்க்கத் தெரியுது, கட்டினவ மனசு சாஞ்சது தெரியலை,” என்று சொல்லிவிட்டு, தன் ஒற்றைச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை கொத்தனார் கட்டிய சுவர் சாய்ந்தது. விழவில்லை, ஆனால் தூக்குக்குண்டை விட்டபோது கயிறு சுவரைவிட்டு இரண்டு விரல் விலகி நின்றது. முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டார், கடப்பாரையை எடுத்தார், தான் கட்டிய சுவரைத் தானே பிரித்தார். ஈரக்கலவை ஆகையால் சிரமமே இல்லை, கற்கள் பொலபொலவென்று வந்தன. பிரித்து முடித்ததும் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் ஆகிவிடவில்லை. வானம் இடிந்து தலையில் விழவில்லை. யாரும் காரணம் கேட்கவும் இல்லை, அடுத்த செருப்புக்காரர் அதற்குள் பக்கத்தில் வந்து நின்று, “ஹலோ, எப்படி இருக்கே?” என்று ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்கே போகவில்லை. உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து நடந்தார். மாட்டாஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி, குளக்கரை, கொத்தனார் ரோடு, மறுபடி மாட்டாஸ்பத்திரி. பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பும் முக்கு வரும்போதெல்லாம் கால் நிற்கும், செம்மண்ணில் ஒரு கோடு கிழிக்கும், திரும்பிவிடும். பின்னால் வந்தவர்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஒருத்தர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டு மூன்று சுற்று வந்தார், நாலாவது சுற்றில் மூச்சுத் திணறிச் சரி என்று சொல்லிவிட்டார். நாலரை மணிக்கு மில்லுக்காரி மில்லை நிறுத்திவிட்டு, தலையெல்லாம் மாவோடு வந்து முக்கில் நின்றாள். கையில் கட்டியிருந்த கடிகாரத்தை மட்டும் அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். கொத்தனார் அதைப் பார்த்தார். முக்கைத் தாண்டினார்.

ஊருக்கு ஒரே கொண்டாட்டம். ஒருவழியாக மனிதருக்கு மனசு இறங்கிவிட்டது, நிழற்குடைக்கு வந்துவிட்டார் என்று ஆளுக்கு ஆள் ஓடிவந்து பெஞ்சில் இடம் பிடித்தார்கள். தலைவர் நடுவில் உட்கார்ந்து மேலிடத்துக்கே போன் போட்டார். கொத்தனார் யாரையும் பார்க்கவில்லை. ஆறு வருஷம் கழித்துத் தன் வேலையைப் பார்த்தார். வெயிலும் மழையும் பட்டும் பூச்சு அப்படியே இருந்தது, நகம் இறங்காது. இடது மூலையிலிருந்து ஒரு சாண், பெஞ்சிலிருந்து மூன்றாவது வரிசை. விரல் மூட்டால் தட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் வேறாக இருந்தது. உளியை எடுத்து வைத்தார்.

சரியாக ஐந்து மணிக்கு அத்தனை பேர் போனிலும் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. தலைவரின் பேச்சு ‘வணக்கம்’ என்ற இடத்தில் அறுந்தது. எல்லோரும் கொத்தனாரைப் பார்த்தார்கள். அவர் அங்கேதான் நின்றார், ஆனால் இடது தோளில் எதுவும் இல்லை. அது தோளை விட்டு இறங்கிச் சுவருக்குள் போயிருந்தது. சுவர் அடிக்க ஆரம்பித்தது. பழைய மாடல் போன்களில் வரும் அந்தப் பழைய மணி, செங்கல்லுக்குள்ளிருந்து வந்ததால் கொஞ்சம் தடித்த குரலில் அடித்தது. ஆறு வருஷத்தில் அதன் சார்ஜ் எப்படித் தீராமல் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. தீர்வதற்கு யார் பேசினார்கள்?

கொத்தனார் அடித்தார். உளி வழுக்கியது. இன்னும் ஓங்கி அடித்தார், சுத்தியல்தான் துள்ளித் திரும்பியது, ஒரு பொடி உதிரவில்லை. ஊர்ச் சொத்தாயிற்றே என்று ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கெட்டிக் கலவை போட்டுக் கட்டிய சுவர். கண்ணை மூடிக்கொண்டு பூசியிருந்தாலும் பரவாயில்லை, மனிதர் ஆத்திரத்தில்கூட நன்றாகத்தான் பூசித் தொலைத்திருந்தார். “அந்தப் பக்கம் அடிங்கண்ணே!” “கடப்பாரை கொண்டாங்கப்பா!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மில்லுக்காரி இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எட்டாவது மணி, ஒன்பதாவது மணி, பத்தாவது மணி அடித்தது. பதினாலாவது மணியோடு நின்றது.

ஒரே ஒரு தடவைதான் போடுவாள் என்பது கொத்தனாருக்குத் தெரியும். மில்லுக்காரிக்கும் தெரியும். கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்தார், உளியை அதன் பக்கத்தில் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. சுவர் முன்னால் மண்டியிட்டு, வலது கையைத் திருப்பி, புறங்கையை அந்தப் பூச்சின் மேல் வைத்தார். வெயில் வாங்கிய சுவர் சூடாக இருந்தது. நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். தொண்டைக்குழி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை.

“காய்ச்சல் விட்டுடுச்சா?” என்று கேட்டார்.

அவர் குரல் எப்படி இருக்கும் என்பதே ஊரில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். ஒரு காகம் கூரையில் வந்து உட்கார்ந்து, பறந்து போயிற்று. பிறகு சுவருக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“இப்பத்தாங்க விட்டுச்சு,” என்றது சுவர்.

முதலில் எழுந்தவர் தபால்காரர். அவர் பேசாமல் மூன்று முழம் தள்ளிப் போனார், பிறகு நாலு முழம். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். ஒன்றரை வருஷமாக அந்த மனிதரை விட்டு ஓர் அடி நகராத ஊர், யாரும் சொல்லாமலே, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றது. தலைவர்தான் கொஞ்சம் தயங்கினார், மில்லுக்காரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து பார்த்தால் கொத்தனாரின் முதுகுதான் தெரிந்தது. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை சிரித்தார். கையை ஆட்டி ஏதோ அளவு காட்டினார், கல்லின் அளவாக இருக்கலாம், போனை எங்கே வைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். சுவர் அவரை நன்றாகத் திட்டியது. அது மட்டும் எதிர்ப்பக்கம் வரைக்கும் கேட்டது.

சனிக்கிழமை அக்கா குடும்பம் கடல் தாண்டிக் கிளம்பியது. அவள் மட்டும் எதிர்த்திசையில் பஸ் ஏறி, அதே பெட்டியோடு நிழற்குடையில் வந்து இறங்கினாள். இறங்கியதும் சுவரைத் தடவிப் பார்த்து, “பூச்சு நல்லா இருக்கு,” என்றாள். கொத்தனார் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னல் மறுநாள் காலையில் அவர் இடது தோளுக்கே திரும்பி வந்துவிட்டது, வாசலில் செருப்புகளும் வந்துவிட்டன. அவள் வாசல் தெளிக்கும்போது அவற்றை ஒதுக்கி, மறுபடி முறை மாறாமல் அடுக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. நேருக்கு நேர் கொத்தனார் இன்னும் பேசுவதில்லை. தலையாட்டுவார், சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு நிழற்குடைக்குப் போவார். அவள் அடுப்படியில் அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துச் சுவருக்குப் போடுவாள். அடுப்படியில் சிக்னல் கிடையாது, இருந்தாலும் போகும். அந்த நேரத்தில் ஊரில் வேறு யாருக்கும் எதுவும் கிடைக்காது, அதை யாரும் பெரிதுபடுத்துவதும் இல்லை, அவசரமென்றால் ஐந்துக்கு முன்னாலேயே பேசிவிடுகிறார்கள். சாயங்கால பஸ்காரர் நிழற்குடைக்கு வந்ததும் ஹாரன் அடிக்காமல் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார், ஏறியவர்களும் பேச்சைத் தணித்துக்கொள்வார்கள். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி அது. போன வருஷம் பஸ் நேரத்துக்குப் புதுப் பலகை எழுதியபோது ஐந்து பத்து என்றே எழுதிவிட்டார்கள்.